மகனின் பல்லும் கணவரின் வீக்கமும்: எது அவசரம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, டர்பன் தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். நீளமான கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இந்த ஆண்டு தைப்பூசக் காவடி அவர்கள் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வளாகத்தில் ஓடி விளையாடிய ஒன்பது வயது மகன் சிமெண்டுப் படியில் முகம் குப்புற விழுந்தான். மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று தரையில் கிடந்தது. பாட்டி அதைத் தேடி எடுத்து, மண் போகத் தேய்த்து, டெட்டால் விட்டுக் கழுவி, டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினார்கள். வரவேற்பில் முன்பணம் கேட்டார்கள். அதோடு, "இது பல் விஷயம், நாளைக்குப் பல் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை பல் மருத்துவர், இனி இந்தப் பல்லைத் திரும்ப வைத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார். பல் இன்னும் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது.

வாசகி கேட்பவை இவை. அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்க முடியுமா? மாமியார் கழுவியதால்தான் போயிற்றா? (இதை வைத்து வீட்டில் மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை.) அந்த மருத்துவமனை மீது வழக்குப் போடலாமா? டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மதுரையில் இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்துவிடலாம் என்று அண்ணி சொல்கிறாரே, சரியா? விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பல் சாம்பல் நிறமாகி வருகிறது, அது தானாகச் சரியாகுமா? இவற்றுக்குப் பிறகு, கையெழுத்துக்கு மேலே, கணவரைப் பற்றி நான்கு வரிகள். கீழ்க் கடைவாய்ப் பல் மூன்று வாரமாகத் தொந்தரவு. தாடை வீங்குவதும் வடிவதுமாக இருக்கிறது. இரண்டு நாளாக வாய் சரியாகத் திறக்கவில்லை, எச்சில் விழுங்கும்போது இழுக்கிறது. சர்க்கரை நோய் உண்டு. மகனின் செலவில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கணக்கில் இந்த ஆண்டுக்கான சேமிப்புப் பணம் தீர்ந்துவிட்டதால் ஜனவரி வரை பொறுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

அன்புள்ள சகோதரி,

மகனைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது கணவரைப் பற்றிய அந்த நான்கு வரிகள்தான். கடிதம் வந்த அன்றே அதற்கான பதிலை மட்டும் உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். ஜனவரி வரட்டும் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இங்கும் அதையே முதலில் எழுதுகிறேன்.

கணவருக்கு இன்றே சிகிச்சை வேண்டும்

"வலி முன்னைக்கு இப்போது குறைவுதான்" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனால் வலி தணியும். கிருமி சாகாது. அது வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழாகிறது. வலி எவ்வளவு என்பதை வைத்துப் பல் மருத்துவர்களான நாங்கள் அவசரத்தை அளப்பதில்லை. வீக்கம் எங்கே போகிறது, வாய் எவ்வளவு திறக்கிறது, விழுங்க முடிகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். உங்கள் கணவருக்கு இவற்றில் மூன்று ஏற்கெனவே கெட்டிருக்கின்றன.

கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்று கேட்கலாம். வாயின் அடித்தளமாக ஒரு தசை தாடையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. முன்பற்களின் வேர்கள் அந்தத் தசை ஒட்டும் கோட்டுக்கு மேலே நின்றுவிடும். கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்கியிருக்கும். அதனால் அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் உடைந்து வடியாமல், தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் பரவும். இரு பக்கமும் பரவினால் நாக்கை மேலே தூக்கித் தொண்டையை அடைத்துவிடும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரால் லுட்விக் ஆஞ்சைனா என்றே சொல்கிறோம். மணிக்கணக்கில் முற்றக்கூடியது, மூச்சடைத்து உயிரையே எடுக்கக்கூடியது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் கிருமியை எதிர்க்கும் திறன் குறைவு. கிருமி இருக்கும்வரை சர்க்கரையும் கட்டுக்குள் வராது. ஒன்றை ஒன்று ஏற்றிவிடும்.

ஆகவே: தாடைக்கு அடியில் கல்போல் வீக்கம், நாக்குக்கு அடியில் தடிப்பு, வாயிலிருந்து எச்சில் ஒழுகுதல், குரல் மாறுதல், விழுங்க முடியாமை, காய்ச்சலோடு நடுக்கம், கண் மூடும் அளவுக்கு முகம் வீங்குதல், படுத்தால் மூச்சு முட்டுதல். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடம் நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக் கேஷுவல்டிக்கு, அதாவது அவசரப் பிரிவுக்கு, போக வேண்டும். உங்களுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மூச்சு சிரமப்பட்டால் 10177 என்ற ஆம்புலன்ஸ் எண்ணையோ, கைபேசியிலிருந்து 112-ஐயோ அழையுங்கள். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அதுவே கேஷுவல்டிக்குப் போகப் போதுமான காரணம். அங்கே "பல் வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தாடை வீக்கம், வாய் திறக்கவில்லை, விழுங்கச் சிரமம், சர்க்கரை நோய்" என்று நான்கையும் சொல்லுங்கள். வரிசையில் அவரை எங்கே உட்கார வைப்பது என்பதை அந்த வார்த்தைகள்தான் தீர்மானிக்கும்.

இதுவரை வீட்டில் செய்ததைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகனுக்குத் தொண்டைப் புண் வந்தபோது மிஞ்சிய அமாக்ஸிசிலின் மாத்திரைகளைக் கணவர் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரை ரத்தத்தில் போகும் கிருமியை அடக்கும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை, அங்கே அது போய்ச் சேராது. சீழை வெளியேற்ற வேண்டும். பல்லை வேர் சிகிச்சை செய்து காக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்க வேண்டும். இரண்டு நாள் மாத்திரை வீக்கத்தை வடியவைத்து ஆளை ஏமாற்றும். வீங்குவதும் வடிவதுமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடையில் வாங்கிய கிராண்ட்பா என்ற வலி மருந்துப் பவுடரை ஈறில் வைக்கிறார் என்றீர்கள். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. ஈறிலும் கன்னத்திலும் வைத்தால் தோல் வெந்து வெள்ளையாக உரியும். உள்ளே இருக்கும் பல்லுக்கு ஒரு பயனும் இல்லை. பாரசிட்டமாலும் அதில் கலந்திருக்கிறது. மேலே பனடோ மாத்திரையும் போட்டால் அளவு கூடிவிடும். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதற்கு மேல் போகக் கூடாது. ஐபுபுரோஃபன் பல் வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. உங்கள் கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகே எடுக்க வேண்டும். ஆஸ்பிரின் கலந்த எதையும் மகனுக்குக் கொடுக்காதீர்கள். அபூர்வமாகக் குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் அது தாக்கும். கிராம்பு ஒன்றைக் கொஞ்ச நேரம் கடித்துக்கொள்வதில் தவறில்லை. கிராம்புத் தைலத்தை நேரடியாக ஊற்றினால் ஈறு புண்ணாகும். வீக்கத்தின் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதை நிறுத்துங்கள். வெளியிலிருந்து குளிர் ஒத்தடம் கொடுக்கலாம்.

சரி, பணம். மெடிக்கல் எய்ட் சேமிப்புக் கணக்கு காலியானால் எதுவுமே கிடைக்காது என்று நினைக்கிறீர்கள். சாதாரண வேர் சிகிச்சைக்கு அது உண்மையாக இருக்கலாம். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான அவசர நிலை அப்படியல்ல. 1998-ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின்படி, குறைந்தபட்சக் கட்டாயப் பலன்கள் என்ற பட்டியல் ஒன்று எல்லாத் திட்டங்களுக்கும் பொது. அவசர நிலை அதில் அடங்கும். சேமிப்பில் காசு இல்லை என்பது அதை மறுக்கக் காரணமாகாது. மறுத்தால், இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ் அமைப்பிடம் முறையிடலாம். சிகிச்சை செய்யும் மருத்துவர் "பரவும் தொற்று, மூச்சுப்பாதைக்கு ஆபத்து" என்று எழுத்தில் குறித்துத் தந்தால் உங்கள் கை வலுவாக இருக்கும். இதெல்லாம் பிறகு பேசித் தீர்க்கக் கூடியவை. முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கழன்ற பல்லுக்கு ஒரு மணி நேரம்

இப்போது மகனைப் பற்றி. காப்பாற்றியிருக்க முடியுமா என்றால், வாய்ப்பு இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை, ஏனென்றால் இன்னொரு குழந்தைக்கு இது தெரிய வேண்டும்.

வேரின் மேல் ஈரமான மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். பல்லை எலும்போடு பிணைக்கும் உயிரணுக்கள் அதில்தான் இருக்கின்றன. காற்றில் காய்ந்தால் அவை வேகமாகச் சாகும். கால் மணி நேரத்துக்குள் பல்லைத் திரும்பக் குழியில் வைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். வெளியே காய்ந்தபடி ஒரு மணி நேரம் கடந்தால் அவை செத்துவிட்டன என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆகவே அந்த நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறார்களோ, அவர்கள் கையில்தான் பல் இருக்கிறது. பல் மருத்துவரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நிலைப் பல் விழுந்தால் செய்ய வேண்டியது இதுதான். பல்லை அதன் தலைப்பகுதியில், கடிக்கும் பக்கம், பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, சலைன் நீரிலோ, பிள்ளையின் எச்சிலிலோ ஒரு தடவை மெதுவாக அலசுங்கள். தேய்க்கவோ, சோப்பு, உப்பு, டெட்டால் எதையும் விடவோ கூடாது. பிள்ளை நினைவோடு அமைதியாக இருந்தால் பல்லை அதே குழியில், பக்கத்துப் பல்லைப் பார்த்துத் திசை சரியாக வைத்து மெதுவாக அழுத்தி, மேலே ஒரு சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். தைரியம் வரவில்லை என்றால் பாலில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு ஓடுங்கள். குளிர்ந்த பால் நல்லது. பெட்டியில் வரும் நீண்டநாள் பாலும் போதும். மோரும் மாஸும் (இங்கே கடைகளில் கிடைக்கும் புளித்த பால்) வேண்டாம். புளிப்பு அந்த உயிரணுக்களைக் கொல்லும். தேனோ சர்க்கரையோ மஞ்சளோ கலந்த பாலும் வேண்டாம். தண்ணீரில் நெடுநேரம் ஊறவிடுவதும் நல்லதல்ல. வேறெதுவுமே கிடைக்காவிட்டால் மட்டும், காயவிடுவதைவிட அது மேல்.

பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே வளரும் நிலைப் பல்லின் முளை கெடும். உங்கள் மகன் வயதில் மேல் முன்பற்கள் பெரும்பாலும் நிலைப் பற்கள்தான். பல் உடைந்து துண்டாக வந்தால் அந்தத் துண்டையும் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்து வாருங்கள். பல நேரம் ஒட்டிவிடலாம்.

உங்கள் மாமியாரைப் பற்றி. வீட்டில் யாருக்குக் காயம் பட்டாலும் கழுவி, டெட்டால் விட்டு, சுத்தமான துணியில் சுற்றுவதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்திருப்பார். அன்றும் அதையே செய்தார். கூட்டத்துக்கு நடுவே அந்தப் பல்லைத் தேடி எடுத்தவர் அவர் ஒருவர்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. தேய்த்ததும் டெட்டாலும் கெடுதல்தான். ஆனால் அவர் கழுவாமலே டிஷ்யூவில் சுற்றி வைத்திருந்தாலும் மறுநாள் காலைக்குள் முடிவு இதேதான் ஆகியிருக்கும். பல்லைக் கொன்றது நேரமும் வறட்சியும். அந்த நேரத்தை வீணாக்கியதில் மருத்துவமனை வரவேற்பறைக்குப் பெரிய பங்கு உண்டு. இதை அவரிடமும் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பால்குடங்கள் வரிசையாக வந்த இடத்தில், பாலில் போடலாம் என்று ஒருவருக்கும் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம். உங்கள் கோயில் நிர்வாகத்தில் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்: முதலுதவி மேஜையில் மூடியுள்ள சின்னப் பாத்திரம் ஒன்று, ஒரு பெட்டிப் பால், சலைன் பாக்கெட் சில இருக்கட்டும். மைக்கில் ஒரு முறை அறிவித்தாலும் போதும். பள்ளி ஆசிரியர்களிடமும் சொல்லலாம்.

திங்கட்கிழமை அந்த மருத்துவர் பல்லைத் திரும்ப வைக்காததில் தவறு இருக்கிறதா? என்னால் தவறென்று சொல்ல முடியாது. தாமதமானாலும் எலும்பு கரையாமல் சில வருடம் தாங்கட்டும் என்று வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்த பல் எலும்போடு ஒட்டிக்கொண்டுவிடும். வளரும் பிள்ளைக்கு மற்றப் பற்கள் தாடையோடு இறங்க, அது மட்டும் மேலேயே நின்றுவிடும். இரண்டு பாதையிலும் நஷ்டம் உண்டு. அதை உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது மட்டும் என் கருத்து. டப்பாவில் இருக்கும் பல்லை இனி எதற்கும் பயன்படுத்த முடியாது.

சாம்பல் நிறமாகும் பக்கத்துப் பல்லைத் தள்ளிப்போடாதீர்கள். விழுந்தபோது அதற்கும் அடி பட்டிருக்கும். மாதங்கள் கழித்துக் கருத்தால், உள்ளே ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஒன்பது வயதில் வேர் முழுதாக வளர்ந்து மூடியிருக்காது. பொதுவாகப் பத்து வயதை ஒட்டித்தான் முடியும். அதனால் சிகிச்சை கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் செய்யக்கூடியது. இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்து, பற்களின் உணர்வுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஈறில் சின்னக் கொப்புளம் போல வந்து உடைகிறதா என்று தினமும் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ரோட் டு ஹெல்த் புத்தகத்தை எடுத்து, 6 வயது டெட்டனஸ் ஊசி போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விடுபட்டிருந்தால் கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த மருத்துவமனை மீது என்ன செய்யலாம்

நான் பல் மருத்துவர். வழக்கு நிற்குமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த நாட்டில் நமக்கு என்ன உரிமை உண்டு என்பது நோயாளிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவன்.

1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27(3) பிரிவு, எவருக்கும் அவசர மருத்துவ சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கிறது. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் 5-ஆம் பிரிவில் அதையே மருத்துவர், செவிலியர், மருத்துவமனை எல்லோருக்கும் கடமையாக்குகிறது. தனியார் மருத்துவமனைக்கு விலக்கில்லை. முன்பணம் இல்லை என்பதற்காக அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது.

எது அவசரம் என்பதில்தான் சிக்கல். அதற்கு அரசியலமைப்பு நீதிமன்றம் விளக்கம் சொன்ன வழக்கே நம் டர்பன் தமிழர் ஒருவருடையது. தியாகராஜ் சுப்ரமணி சர்க்கரை நோயாளி, இரண்டு சிறுநீரகமும் பழுதானவர். தனியாரில் டயாலிசிஸ் செய்யப் பணம் தீர்ந்ததும் அரசின் அடிங்டன் மருத்துவமனையை நாடினார். இயந்திரங்கள் போதாமல் அங்கே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1997 நவம்பர் 27 அன்று வந்த தீர்ப்பு, 27(3) பிரிவு திடீரென்று நேரும் ஆபத்துக்கானது, நாள்பட்ட நோய்க்கான தொடர் சிகிச்சைக்கு அது பொருந்தாது என்றது. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே அவர் காலமானார். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆனாலும் சட்டம் அங்கேதான் நிற்கிறது. மாதக்கணக்கில் நச்சரிக்கும் சொத்தைப் பல்லைக் காட்டி "அவசர உரிமை" என்று கேட்க முடியாது. கழுத்துக்கு இறங்கும் வீக்கத்துக்குக் கேட்கலாம். உங்கள் கணவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்கும்.

மகன் விஷயத்தில், கழன்ற பல் உயிராபத்து அல்ல என்று அவர்கள் வாதிடலாம். என் பார்வையில் உங்கள் முறையீட்டின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. முகம் அடிபட்டு வாயில் ரத்தத்தோடு வந்த குழந்தையை ஒரு செவிலியரோ மருத்துவரோ பார்த்தார்களா? மயங்கினானா, வாந்தி எடுத்தானா, தாடை அசைகிறதா என்று யாராவது கேட்டார்களா? வரவேற்பு மேஜையிலேயே அனுப்பியிருந்தால் அது சரியல்ல. கேஷுவல்டி மருத்துவரே பல்லைக் குழியில் வைத்திருக்கலாம். பாலிலாவது போடச் சொல்லியிருக்கலாம்.

முதலில் மருத்துவமனை நிர்வாகத்துக்குத் தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் ஹெல்த் ஆம்பட் (சுகாதாரக் குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் போகலாம். குறிப்பிட்ட மருத்துவர் ஒருவரின் நடத்தை பற்றியது என்றால், மருத்துவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஹெல்த் புரொபஷன்ஸ் கவுன்சிலுக்குப் போகலாம். நஷ்டஈட்டு வழக்குக்குக் காலக்கெடு பொதுவாக 3 ஆண்டு. சிறுவர்களுக்கு அது நீளும். ஆனால் பல் பிழைத்திருக்கும் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. டெட்டாலும் தேய்த்ததும் அங்கே உங்களுக்கு எதிராகப் பேசப்படும், மாமியார் சாட்சிக் கூண்டில் நிற்க நேரும். முறையீடு செய்யுங்கள், அடுத்த பிள்ளைக்கு அது உதவும். வழக்கு வேண்டுமா என்று நன்றாக யோசியுங்கள்.

டிசம்பர் பயணமும் இம்ப்ளாண்ட்டும்

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இம்ப்ளாண்ட் வைக்கக் கூடாது. மதுரையிலும் சரி, டர்பனிலும் சரி. இம்ப்ளாண்ட் எலும்போடு இறுகிவிடும். தாடை வளரும்போது அது நகராது. நான் மேலே சொன்ன ஒட்டிக்கொண்ட பல்லின் கதிதான் அதற்கும். வளர்ச்சி நின்ற பிறகு, பதினெட்டு வயதுக்கு மேல், பலருக்கு இன்னும் தள்ளி, அதைப் பற்றிப் பேசலாம். அதுவரை வழி இல்லாமல் இல்லை. கழற்றி மாட்டும் சின்னத் தட்டில் ஒரு பல் வைத்துக் கொடுக்கலாம். வளர வளர மாற்ற வேண்டும். பக்கத்துப் பல்லின் பின்பக்கம் ஒட்டும் பாலம், கம்பி கட்டி இடைவெளியை மூடுதல், சில பிள்ளைகளுக்கு அவர்களுடைய முன்கடைவாய்ப் பல்லையே எடுத்து அங்கே நடுதல் என்று இன்னும் உண்டு. அவனை ஒரு பல் சீரமைப்பு மருத்துவர் இப்போதே பார்த்தால் எது பொருந்தும் என்று திட்டமிடலாம். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தட்டுப் பல்லைச் சில வாரங்களில் செய்துவிட முடியும். இதற்காக டிசம்பர் வரை அவன் காத்திருக்க வேண்டாம்.

கணவர் சீழோடு விமானம் ஏறுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல் குறையும். பல்லுக்குள் அடைபட்ட வாயு விரிந்து தாங்க முடியாத வலி வரும். நடுவானில் வீக்கம் முற்றினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இங்கே சீழை வெளியேற்றி, பல்லை எடுத்தோ வேர் சிகிச்சை முடித்தோ, வீக்கம் முழுதாக வடிந்த பிறகு பயணம் செய்யட்டும். கிரீடம் (பல்லுக்கு மேல் உறை) மாட்டுவது, விழுந்த இடத்துக்குப் பல் கட்டுவது போன்ற நிதானமான வேலைகளை ஊரில் குறைந்த செலவில் செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எக்ஸ்ரே, மருந்துக் குறிப்பு இரண்டையும் வாங்கி வாருங்கள். ஒரு திருகு தளர்ந்தாலும் இங்கே யாராவது அதைப் பார்க்க வேண்டியிருக்கும். அவசரத்தை மட்டும் ஊருக்கு என்று சேர்த்து வைக்காதீர்கள்.

இனி வீட்டில்

மகன் பள்ளியில் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடுகிறான் என்கிறீர்கள். கம்கார்டு (பற்களைக் காக்கும் உறை) இல்லாமல் மைதானத்தில் இறக்காதீர்கள். வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவம் எடுக்கும் வகை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். அளவெடுத்துச் செய்தது அதைவிட நன்றாகப் பொருந்தும், செலவு கூடும். பற்கள் விழுந்து முளைக்கும் வயது என்பதால் இறுக்கம் மாறும்போதெல்லாம் புதிதாக மாற்ற வேண்டும். மேல் பற்கள் துருத்தியிருக்கும் பிள்ளைகளுக்கு விழுந்தால் அடிபடும் வாய்ப்பு அதிகம். கம்பி கட்டுவது அழகுக்கு மட்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

கணவருக்கு இரவுப் பல்துலக்கல்தான் முக்கியம். ஃபுளோரைடு பற்பசையால் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடட்டும்; மருந்து பல்லில் தங்கும். கூல்டிரிங்கைச் சாப்பாட்டு நேரத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளட்டும், சர்க்கரைக்கும் அதுதான் நல்லது. ஏற்கெனவே சொத்தையைப் பெரிதாக அடைத்திருக்கும் பல்லால் முறுக்கையும் ஐஸ் கட்டியையும் கடிப்பது, மூடியைப் பல்லால் திறப்பது எல்லாம் வேண்டாம். கேஷுவல்டியில் பல்லை எடுத்துவிட்டால், பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் கொப்பளிக்கவோ புகைக்கவோ கூடாது. மூன்றாவது நாள் வாக்கில் வலி குறையாமல் கூடினால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

ஜனவரியில் மெடிக்கல் எய்ட் பணம் புதிதாக வந்ததும் முதல் செலவாக மாமியாரையும் சேர்த்து வீட்டில் எல்லோருக்கும் பல் பரிசோதனையும், தேவைப்படுபவர்களுக்கு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். அரசுக் கிளினிக்குகளில் பெரும்பாலும் பல் எடுப்பதுதான் கிடைக்கும். பல்லை வைத்துக் காக்கும் சிகிச்சைக்கு அந்தப் பணம் தேவைப்படும். சின்னச் சொத்தையாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் ஆண்டு நடுவில் அது தீர்ந்துபோகாது.